தினமும் வரும் ஒரே ரசிகை

கவிஞரின் நினைவில்லத்தை மூடுவதா, வேண்டாமா என்று முடிவு செய்ய அதிகாரி வந்திருந்தார். காப்பாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூடினால் பதினொரு வருட வேலை போய்விடும்.

வருகைப் பதிவேட்டைப் புரட்டிய அதிகாரி நிமிர்ந்தார். "என்னய்யா, மாசம் பூரா ஒரே பேருதான் இருக்கு?"

"அந்த அம்மாதான் சார். கவிஞர்னா உயிர்! தினமும் சாயங்காலம் அவர் மேஜை முன்னால ஒரு மணி நேரம் உட்காருவாங்க. அதோ!"

கண்ணாடிப் பெட்டிக்குள் கவிஞரின் பேனா இருந்தது. அதன் எதிரே அந்த அம்மாள் கண்மூடி அமர்ந்திருந்தார். அதிகாரி அருகே போனார்.

"இவர் கவிதைன்னா அவ்வளவு பிடிக்குமாம்மா?"

"ஐயோ, ஒரு வரிகூடப் படிச்சதில்லைங்க."



"அப்புறம் ஏன் வர்றீங்க?"

"எங்க வீட்டுக்காரரும் கவிதை எழுதுறார். வேலை விட்டு வந்ததும் படிச்சுக் காட்ட ஆரம்பிச்சிடுவார். வாயே திறக்காத கவிஞர் இந்த ஊர்ல இவர் ஒருத்தர்தானே!"

அதிகாரி தன் கோப்பில் 'தொடர்ந்து நடத்தலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"பக்கத்துல இன்னொரு நாற்காலி போடுங்க. நாளையிலேருந்து என் மனைவியும் வருவா."

காப்பாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அவங்களுக்குக் கவிதை பிடிக்குமா சார்?"

சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த காகிதக் கட்டை அதிகாரி உள்ளே தள்ளினார்.

"அதைக் கேட்டதே இல்லய்யா. இருபது வருஷமா என் கவிதையை அவளுக்குப் படிச்சுக் காட்டத்தான் எனக்கு நேரம் இருந்துச்சு."