செல்லசாமி பாலம் கடந்தது

"சாடுங்க, சாடுங்க—"

"எங்கோட்டு? அதச் சொல்லாம வெறுதே சாடு சாடுன்னா—"

"முன்னோட்டுதான். பின்னோட்டு குதிச்சுச் சாட இது என்ன தவளையா?"

"தவளை இல்லைன்னா பின்னே என்ன சாதனமாக்கும்? மூணு வாரமா கேக்குதேன்."

"கீரி. மூஞ்சி மட்டும் பன்னி. நிக்கர் போட்டிருக்கு. போச்சு, குழியில விழுந்தாச்சு. இனி ஒரு உயிர்தான் உண்டு."

ரெத்தினதாஸ் வீடியோ கேமின் ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு மனைவி ரத்னபாய் இருந்த பக்கம் திரும்பி முறைத்தார். முறைப்பு சுவரில் போய் விழுந்தது.

சர்க்கரை அவர் கண்ணைக் கொண்டுபோய் மூன்று வருஷம். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் வெள்ளறடையிலிருந்து திருவனந்தபுரம் சந்தைக்கு மரச்சீனிக் கிழங்கு லாரி ஓட்டியவர்.

டிவி அவரே தோளில் சுமந்து கொண்டுவந்த கறுப்பு வெள்ளைப் பெட்டி. படம் உண்டு. சத்தம் செத்து ஒரு வருஷம் ஆகிறது. அதனால் குழியோ ஆமையோ எது வந்தாலும் ரத்னபாய்தான் வாயால் சொல்ல வேண்டும்.

கேம் அவருடைய தங்கை ஷீனா மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வந்தபோது தன் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்தது. நாளைக் காலையில் அதை எடுத்துக்கொண்டு அவள் விமானம் ஏறுகிறாள்.

கடைசிப் பாலம் வரை இன்றைக்குத்தான் வந்திருக்கிறார்கள். அக்கரை ஏறினால் முடிந்தது. ஒரு தடவையாவது ஏறிவிட வேண்டும் என்று அவர் மத்தியானச் சோறுகூட அரைகுறையாகத்தான் தின்றார்.

ஏழு மணிக்குக் கரண்டு போகும். போனால் எல்லாம் முதலிலிருந்து.

கடிகாரத்தில் ஏழாக ஆறு நிமிஷம்.

"செல்லசாமி நிக்கானா?"

"எங்க அண்ணன் பேர எதுக்கு அதுக்குப் போடணும்?"

"நிக்கரும் தொப்பையும்னு நீதானே சொன்னே. கையப் பின்னால கட்டி நடக்குன்னும் சொன்னே."

"நிக்கான். பட்டனைத் தொடாம இருந்தா காலைத் தட்டுவான். இப்பம் கொட்டாவி விடுதான்."

"அப்படின்னா அவனேதான்."

ரத்னபாய் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அவர் கட்டைவிரல்களைப் பட்டன்மேல் வைத்தார். "எட்டி, நீ உன் பாட்டுக்குச் சொல்லாதே. வேலாயுதன் சொல்லுதது போல சொல்லு."

வேலாயுதன் அவருடைய கிளீனர். லாரியைப் பின்னால் எடுக்கும்போது ரெத்தினதாஸ் ஒருநாளும் கண்ணாடியைப் பார்த்ததில்லை. வேலாயுதனின் குரலைத்தான் கேட்டார். ஒரு சுவரிலும் முட்டியதில்லை.

ரத்னபாய் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வரட்டே… வரட்டே… ஆமை. சாடு."

சாடினார்.

"வரட்டே… பலகை ஆடுது, நில்லு. நில்லு. இப்பம் போட்டே… சாடு."

சாடினார்.

"எங்க நிக்கான்?"

"பாலத்துக்க நடுவில."

தலைக்கு மேல் ஃபேனின் சத்தம் தேய்ந்து நின்றது.

"எட்டி?"

"ஃபேன நிறுத்திப் போட்டேன். உங்களுக்குச் சளியாக்கும்." உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். "வரட்டே… போட்டே… முன்னால ஒரு பலகை இல்ல. சாடு."

சாடினார்.

"ஏறியாச்சு," என்றாள்.

அவர் விரல்கள் நிற்கவில்லை. "அக்கரையில என்ன உண்டு?"

வாசலுக்கு முன்னால் ஒரு சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு; அங்கே கரண்டு போக வேறு நேரம். அங்கே ஏதோ ஒரு வீட்டு பல்பின் வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து அவள் மடியில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ரப்பர் காடு. நேரம் வெளுக்குது. மரத்துக்கு மரம் மஞ்சு இறங்கி நிக்குது. சிரட்டையில பால் சொட்டுதது கூட தெரியுது. செல்லசாமி நடக்கான். கையப் பின்னால கட்டியாக்கும் நடக்கான்."

"வளைவு உண்டா?"

"உண்டு. இடது. பைய ஒடிங்க."

ஒடித்தார். உடம்பும் கூடச் சாய்ந்தது.

"வளைவு கழிஞ்சா ஒரு சாயாக்கடை. ஆள் இல்ல, பாய்லர்ல இருந்து ஆவி மட்டும் போவுது. கடைக்க முன்னால ஒரு லாரி நிக்குது. செவப்பு லாரி. பின்னால மரச்சீனி, மண்ணு காயல்ல. டிரைவர் பக்கத்துக் கதவு திறந்து கிடக்கு."

"எஞ்சின்?"

"ஓடுது."

ரெத்தினதாஸ் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். பிறகு, "ஏறட்டா?" என்று கேட்டார்.

"ஏறுங்க."

அவருடைய வலது பாதம் சிமென்டுத் தரையில் எதையோ தேடிக் கண்டுபிடித்து, மெல்ல அழுத்தியது.

"வரட்டே… ரோட்டுல ஒரு குஞ்சும் இல்ல… வரட்டே… இந்தா வெயில் வருது… வரட்டே…"

அவர் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து தாடையில் சொட்டியது. துடைக்கவில்லை. முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

தலைக்கு மேல் ஃபேன் ஒரு முனகலோடு சுற்றத் தொடங்கியது.

டிவி மெல்ல வெளுத்தது. தொடக்கப் படம். அதில் செல்லசாமி நின்று காலைத் தட்டிக்கொண்டிருந்தான்.

ரத்னபாய் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தாள்.

ரெத்தினதாஸ் காற்று வந்த பக்கம் முகத்தை உயர்த்தினார். பாதத்தைத் தரையிலிருந்து எடுக்கவில்லை.

"நம்ம டிவியில செவப்பு எப்பம் வந்தது, ரத்னம்?"