சக்கரத்தை இறக்கும் எடை

சிங்கராயர் முதலாளிக்குத் தரவேண்டியது பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய். அதை உடம்பால் கழிக்கிறார். கீழ்வேளூர்த் திருவிழாத் திடலில் மோட்டார் இல்லாத ராட்டினம். மேலேறிக் கம்பியைப் பிடித்துத் தொங்கினால், அவர் எடைக்குத்தான் சக்கரம் இறங்கிச் சுழலும். காசநோய் தின்ற உடம்பு இன்று தொங்குகிறது. எடை போதாமல் இடுப்பில் கட்டிய ஈரமணல் பை சொட்டுகிறது. சாயங்கால வெயிலில் அச்சு மினுங்குகிறது. சக்கரம் ஒரு முழம் இறங்கி, முனகி, நின்றுவிடுகிறது. "யாரு தாத்தா இங்க துணி காயப்போட்டது?" ராட்டினத் தொட்டிலில் உட்கார்ந்திருக்கும் பெண் அவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். முதலாளி ரவிசங்கர் அண்ணாந்து பார்க்கிறார். "எறங்குங்க சிங்கராயரே. கடன் வேணாம், போகட்டும். நாளைலேர்ந்து வராதீங்க." "இன்னொரு பை மணலு கட்டிக்கிறேங்க," என்கிறார் சிங்கராயர், கம்பியை விடாமல். முதலாளி நோட்டில் அவர் பேரைக் கோடு போட்டு அடிக்கிறார். காலுக்கும் தரைக்கும் நடுவே இன்னும் ஓர் ஆள் உயரம் இருக்கிறது.