சுவிட்சுப் பெட்டியில் ஒட்டிய அரக்கு

தகர மூடி அடிக்கும் பட்டறை ஒன்றில் ஒரு பிரஸ் மிஷின் இருந்தது. வேலை செய்பவரின் கை உள்ளே போகாமல் தடுக்க அதற்கென்று ஒரு கம்பி வலை உண்டு. அதை மாட்டினால் வேலை மந்தமாகிறது என்று முதலாளி ஆணியில் தொங்கவிட்டிருந்தார். தொழிற்சாலை ஆய்வாளர் வருவதாகத் தகவல் கிடைத்தால் மாட்டுவார். ஆய்வாளரின் ஜீப் தெருமுனை தாண்டியதும் கழற்றிவிடுவார்.

ஆயுத பூஜையன்று மட்டும் வலைக்கும் சந்தனம், குங்குமம் கிடைக்கும். "யார் கைக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது" என்று முதலாளி மிஷினைக் கும்பிடுவார்.

"என்னைக் கும்பிட்டு என்ன செய்ய? சுவிட்சைப் போட்டா நான் இறங்கித்தானே ஆகணும்," என்று மிஷின் வலையிடம் புலம்பும்.

ஒரு நாள், மிஷினில் வேலை செய்யும் செண்பகவல்லியின் கையுறை நுனி உள்ளே மாட்டிக்கொண்டது. விரல் மயிரிழையில் தப்பியது. மறுவாரம் ஆய்வாளர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். வலை ஆணியில் தொங்குவதைப் பார்த்து, சுவிட்சுப் பெட்டிக்கு அரக்கு வைத்துச் சீல் போட்டார். முதலாளி கோர்ட்டுக்கு அலைந்து அபராதம் கட்டினார். வலையை போல்ட் போட்டு முடுக்கிய பிறகுதான் சீலை உடைத்தார்கள்.

"இத்தனை நாள் உன்னை முடக்கிப் போட்டாங்களே, கோபம் இல்லையா?" என்று கேட்டது வலை.

"இந்தப் பட்டறைக்கு வந்த பிறகு அப்பத்தான் நிம்மதியா தூங்கினேன்," என்றது மிஷின்.

அடுத்த ஆயுத பூஜைக்குச் செண்பகவல்லி பத்து விரலாலும் மிஷினுக்குச் சந்தனம் பூசினாள். முதலாளி வழக்கம்போல மிஷினைக் கும்பிட்டார். மிஷின், சுவிட்சுப் பெட்டியில் இன்னும் ஒட்டியிருந்த அரக்குத் துண்டைக் கும்பிட்டது.