கோழிக் கேஸ்

“யார் செஞ்சதுன்னு சொல்லிட்டா உன்னை விட்டுடறேன்,” என்றார் இன்ஸ்பெக்டர். “மறைச்சேன்னு வை, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்.”

எதிரே நின்றவள் வாயே திறக்கவில்லை. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மேஜைமேல் எச்சமிட்டுவிட்டுக் குதித்து இறங்கிக் கொல்லைப்புறம் போய்விட்டாள்.

“கோழியைக் கூப்பிட்டு வச்சு விசாரிக்கிற முதல் ஆள் நீங்களாத்தான் இருப்பீங்க,” என்றபடி மனைவி துணியோடு வந்து மேஜையைத் துடைத்தாள். “ரிட்டையர் ஆகியும் அந்தச் சட்டை உங்க உடம்பை விட்டு இறங்க மாட்டேங்குதே!”

அவள் எரிச்சலில் நியாயம் இருந்தது. ஓய்வு பெற்ற கையோடு ஆசையாக வாங்கி வளர்த்த கோழிகளுக்கு இறகு கொட்ட ஆரம்பித்திருந்தது. முதலில் கழுத்து, பிறகு மார்பு, அப்புறம் முதுகு. முட்டையும் நின்றுபோனது. சாப்பாட்டுத் தட்டிலிருந்து துணி அலமாரி வரைக்கும் வீடெல்லாம் இறகு.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள காரணம் தெரியலைன்னா எல்லாத்தையும் கறிக்கடைக்காரர்கிட்ட கொடுத்துடுவேன். ஒட்டுவாரொட்டி நோயா இருந்தா யார் அவதிப்படறது?” என்று அவள் கெடு வைத்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டருக்குச் சோறு இறங்கவில்லை. வேலையில் இருந்தவரைக்கும் அவரைக் கண்டால் விலகி ஓடியவர்கள்தான் அதிகம். அவர் தலையைக் கண்டதும் ஓடி வந்தவை இந்தக் கோழிகள் மட்டும்தான்.

அக்கம்பக்கத்தில் அவர் சந்தேகப்படாத ஆளில்லை. பக்கத்து வீட்டு மெத்தைக்காரர் ஆள் வைத்து இறகு பிடுங்குகிறாரோ என்று அவரிடமே ஒரு தலையணை வாங்கிவந்து கிழித்துப் பார்த்தார். உள்ளே இருந்தது பஞ்சுதான். கூடமெல்லாம் பறந்த பஞ்சைக் கூட்டி அள்ளியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இறகு கொட்ட ஆரம்பித்த நாளிலிருந்தே கால்நடை டாக்டரும் வாராவாரம் வந்துகொண்டுதான் இருந்தார். ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள இளைஞர். முதல் தடவை வந்தபோது ஒரு கோழியின் கழுத்தை விரலால் விலக்கிப் பார்த்தவர், சிரித்துக்கொண்டே “சார், இது ஒண்ணுமே...” என்று ஆரம்பித்தார்.

“அவசரப்படாம நல்லாப் பார்த்துச் சொல்லுங்க டாக்டர். அப்பாவுக்கு இதுங்கன்னா உசுரு,” என்றாள், தண்ணீர் கொண்டுவந்த மகள்.

டாக்டர் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். “பேன் புடிச்சிருக்கலாம் சார். கூண்டைக் கழுவிட்டு, கோழிங்களைச் சாம்பல்ல புரள விடுங்க. அடுத்த வாரம் வர்றேன்.”

அடுத்த வாரம், பேன் இல்லை, ஒன்றை ஒன்று கொத்திக்கொள்ளுமோ என்றார். இன்ஸ்பெக்டர் இருப்பதிலேயே முரட்டுக் கோழியைப் பிடித்துக் குளியலறையில் ‘லாக்கப்’பில் வைத்தார். அது உள்ளே இருந்தவரைக்கும் வீட்டில் ஒருவரும் நிம்மதியாகக் குளிக்கவில்லை.

அதற்கும் அடுத்த வாரம் சந்தேகம் சேவல்மேல் திரும்பியது. ஓயாமல் மிதித்தால் பெட்டைகளுக்கு முதுகு இறகு போய்விடுமாம். பாவம், சேவல் இன்ஸ்பெக்டரின் தம்பி வீட்டுக்கு நாடு கடத்தப்பட்டது. அப்புறம் தீனியில் சத்துப் போதவில்லை என்றார் டாக்டர். மீன் தூள் கலந்து போட்டார்கள். கோழிகள் கொழுத்தன, கொட்டுவது மட்டும் நிற்கவில்லை.

கெடு வைத்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் உள்ளே நுழைந்தபோது கோழிகள் எல்லாம் கூடையில் இருந்தன. வாசலில் கறிக்கடைக்காரர் நின்றிருந்தார். இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

“தூக்கிட்டுப் போங்க,” என்றாள் மனைவி. அவள் குரலும் சரியாக இல்லை.

கறிக்கடைக்காரர் கூடையில் கை வைத்தார். டாக்டர் முகம் வெளுத்துப்போனது.

“வேணாம்மா, வச்சிடச் சொல்லுங்க!” என்று கத்தியேவிட்டார். “இதுங்களுக்கு ஒரு நோயும் இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை பழைய இறகு கொட்டிப் புதுசு முளைக்கும். அதுவரைக்கும் முட்டை வைக்காது. அவ்வளவுதான்! இங்க பாருங்க, கழுத்துல முளைச்சே முடிஞ்சிடுச்சு.”

இன்ஸ்பெக்டர் கூடையைத் திறந்து குனிந்து பார்த்தார். முதலில் கொட்டிய கழுத்தில் புது இறகு பளபளவென்று மூடியிருந்தது. கோழியை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டார், அழுதும்விட்டார். கறிக்கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே நடையைக் கட்டினார்.

கண்ணைத் துடைத்த கையோடு இன்ஸ்பெக்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“இதைச் சொல்றதுக்கு உமக்கு இத்தனை வாரமாய்யா? நீர் படிச்சுத்தான் பாஸ் பண்ணினீரா? கொஞ்சம் விட்டிருந்தா என் கோழிங்க கொழம்பாகியிருக்கும். நம்ம ஸ்டேஷனா இருந்தா உம்மை வாசல்ல காவலுக்குக்கூட நிறுத்த மாட்டேன். இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதீர்!”

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு பையை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

மகள் ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

“அவரைத் திட்டாதீங்கப்பா. அவருக்கு முதல் நாளே தெரியும். சொல்லிட்டா அப்புறம் எப்படி இங்க வருவீங்கன்னு நான்தான் கேட்டேன்.”