சார்ஜருக்குள் ஒரு சதி

படகில் ஸ்டியரிங் பொருத்தியிருக்கும் பெட்டிக்குப் பெயர் கன்சோல். அதன் குட்டிக் கதவைத் திறந்து, மல்லாந்து படுத்து, தலையையும் இரண்டு கைகளையும் உள்ளே நுழைத்து பேட்டரி சார்ஜர் மாட்டுவது யாருக்கும் பிடித்த வேலை அல்ல.

அந்த எலக்ட்ரீஷியனுக்கு மட்டும் பிடிக்கும். தலை உள்ளே இருக்கிறவனுக்கும் காது உண்டு என்பதை ஜனங்கள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள். ஊரில் பாதிக் குடும்பங்களின் ரகசியம் அவருக்கு இப்படித்தான் தெரிந்தது. மீதிப் பாதியை அவரே யூகித்துக்கொண்டார்.

போன வருஷம் ஒரு வீட்டில் சுவரேறிக் குதித்த திருடனை மடக்கிப் பிடித்து, தூணில் கட்டியும் வைத்தார். மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவர், கேட் பூட்டியிருந்ததால் குதித்தாராம். அதனாலெல்லாம் துப்பறியும் மூளை துருப்பிடித்துவிடுமா என்ன?

இன்றைக்கு அந்த மூளைக்கு நல்ல தீனி. படகின் சொந்தக்காரர் படகுத்துறைப் பலகையில் நின்றுகொண்டு ஒவ்வொரு திருகாணியையும் எட்டி எட்டிப் பார்த்தார்.

"மூடின பெட்டிக்குள்ள வைக்கிறீங்களே, சூடாகாதா?"

"சுத்திலும் நாலு விரல் இடம் விட்டிருக்கேன் சார். காத்து போகும், தண்ணி படாது."

"கரையிலிருந்து நேரா கரண்ட் வருது. யாராவது உள்ள ஒரு வயரை மாத்திவிட்டா?"

"ஷாக் அடிக்கும்."

"எவ்வளவு?"

எலக்ட்ரீஷியன் தலையை வெளியே எடுத்தார். கத்தரிக்காய் விலை கேட்பது போலல்லவா கேட்கிறார் மனிதர்!

"ஆளே போயிடலாம் சார்."

"மாத்தினது வெளியே தெரியுமா?"

"கதவைச் சாத்திட்டா எப்படித் தெரியும்?"

சொந்தக்காரர் கைக்குட்டையை எடுத்தார். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. கொலைகாரனுக்கே உரிய படபடப்பு என்று எலக்ட்ரீஷியன் மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

"இந்தப் படகை யாரு சார் எடுப்பாங்க?"

"வீட்டுக்காரிதான். தினமும் காலையில ஒரு சுத்து போயிட்டு வருவா."

அவ்வளவுதான். கேஸ் முடிந்தது. இனி சார்ஜரை மாட்டுவதுதான் பாக்கி.

சொந்தக்காரருக்கு போன் வந்து அவர் தள்ளிப் போன நேரம் பார்த்து, அவருடைய மனைவி தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத முகம். எலக்ட்ரீஷியனுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் போக்கு எனக்குச் சரியாப் படல" என்று ஆரம்பித்து, கேட்டதையும் கேட்காததையும் சேர்த்துக் கொட்டித் தீர்த்தார்.

அவள் அழவில்லை. அதிர்ச்சியில் அழுகை வராது என்பது அவருக்குத் தெரியும். மெல்லப் பலகையில் உட்கார்ந்தாள்.

"இதுல அப்படியெல்லாம் கூடப் பண்ண முடியுமாண்ணே?"

"ஏன் முடியாது? நீங்க உஷாரா இருக்கணும். இங்க வாங்க, காட்டறேன்."

காட்டினார். எந்த வயர் காவல், எந்த வயர் காலன், எது எதைத் தொட்டால் சங்கு ஊதிவிடும் என்று, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்குக் கை பிடித்து எழுதவைப்பது போல விளக்கினார். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னாள். அவருக்கே தோன்றாத சந்தேகம் ஒன்றையும் கேட்டாள்.

"எங்கிட்ட இவ்வளவு பொறுமையா யாருமே பேசினதில்லண்ணே. தெய்வம் மாதிரி வந்தீங்க."

எலக்ட்ரீஷியன் அடக்கமாகத் தலையைக் கன்சோலுக்குள் நுழைத்துக்கொண்டார்.

எட்டாம் நாள் பேப்பரில் சின்னதாக ஒரு செய்தி: சொந்தப் படகில் மின்சாரம் தாக்கிக் கடை அதிபர் ஆஸ்பத்திரியில் அனுமதி.

"பாத்தியாடி! அந்தப் பொம்பளைக்கு வெட்டின குழியில அவனே விழுந்துட்டான். நான் மட்டும் சொல்லிக் குடுக்கலேன்னா அந்தம்மா போய்ச் சேர்ந்திருக்கும்" என்று வீட்டில் துள்ளினார் எலக்ட்ரீஷியன்.

"சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதீங்க" என்றாள் அவர் மனைவி. துப்பறிகிறவர்களின் மனைவிகள் எப்போதுமே இப்படித்தான். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்.

இன்ஸ்பெக்டர் முழுசாகக் கேட்டார். வயர் பாடம் நடத்திய இடம் வந்ததும் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். எலக்ட்ரீஷியன் பெருமையாக இன்னொரு தடவை சொன்னார். நாளைக்குப் பேப்பரில் எந்தப் போட்டோவைக் கொடுப்பது என்றுகூட யோசித்துவிட்டார்.

"அந்த ஆளைச் சும்மா விட்டுடாதீங்க சார்."

"அவர் பாவங்க. பொண்டாட்டி தன்னைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறான்னு போன மாசமே புகார் குடுத்தார். படகுல அப்படியெல்லாம் பண்ண முடியுமான்னு ஒரு எலக்ட்ரீஷியனைக் கேட்டுப் பாருங்கன்னு நாங்கதான் சிரிச்சு அனுப்பினோம்."

எலக்ட்ரீஷியனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"நேத்து தலைவலின்னு படுத்துக்கிட்டு, படகு சார்ஜரோட ப்ளக்கைப் பிடுங்க அவரை அனுப்பியிருக்கு அந்தம்மா. எல்லாத்தையும் ஒத்துக்கிச்சு" என்ற இன்ஸ்பெக்டர், எதிரில் இருந்த நாற்காலியை மரியாதையாக இழுத்துப் போட்டார்.

"கரண்ட்டைப் பத்தி ஒண்ணுமே தெரியாத பொம்பளைக்கு உக்காந்து சொல்லிக் குடுத்த கூட்டாளி யாருன்னு மட்டும்தான் வாயைத் திறக்கல."