கவிழ்ந்த தகடு

“வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமாடி?” பள்ளியை விட்டு, ஆய்வகத்தில் குடுவை கழுவ வந்த முதல் நாளே ஆராய்ச்சிக்கார அக்கா என்னைக் கேட்டாள். இன்று அவளுடைய கடைசிச் சோதனை; நாளை முதல் கதிரை எண்ணும் கருவி வேறு குழுவுக்கு. அவள் பிரித்தெடுக்கும் கதிரியக்கத் தனிமம் நாற்பது நொடிக்கொரு தரம் பாதியாகக் குறைகிறது. விளக்குச் சூட்டில் அதன் ஒரு துளி உலோகத் தகட்டில் காய்கிறது. அவசரமாக இடுக்கியால் எடுத்துக் கருவிக்குள் வைக்கிறாள். மேலே தெரிவது பின்பக்கத்துக் கீறல். தினமும் துடைக்கும் எனக்குத் தெரியாதா? துளி அடியில் இருக்கிறது, கதிர் தகட்டைத் தாண்டாது. கருவி ஊமையாக நிற்கிறது. “எங்க போய்த் தொலைஞ்சுது?” என்று பொத்தான்களைத் தட்டுகிறாள். என் நாக்கு புரளவில்லை. ஐந்து நிமிடம் போகிறது; துளியில் இனி அளக்க எதுவும் மிச்சமிருக்காது. “அக்கா, தகடு கவுந்திருக்கு.” “எப்ப பாத்த?” “வைக்கும்போதே.” அவள் கையுறைகளைக் கழற்றி, நான் கழுவி அடுக்கிய குடுவைகள்மேல் போட்டுவிட்டு வெளியே போகிறாள்.