மதுமதி கண்டுபிடித்த கேஸ்

சேலம் ஆஸ்பத்திரியில், ரத்தக்குழாய் சிகிச்சை அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த சபரிநாதனால் சும்மா இருக்க முடியவில்லை. பக்கத்தில் காத்திருந்த, மோகனூரிலிருந்து வந்த பொன்னாத்தாள் என்ற அம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“எம் பொண்டாட்டி மதுமதி ஸ்கேன் டாக்டருங்க. இந்தக் கேசை அவதான் கண்டுபிடிச்சா. நாலு மாசமா வயித்துவலி. கணையத்துல நீர்க்கட்டி, ஊசி போட்டு உறிஞ்சிடலாம்னு பெரிய டாக்டருங்களே சொல்லிட்டாங்க. இவ ஒத்துக்கலைங்க. ஸ்கேன் வச்சுப் பார்த்தா, உள்ள ரத்தம் சுழலுது! கட்டியே இல்லீங்க, கணையத்தை ஒட்டுன ரத்தக்குழாய் பலூனாட்டம் வீங்கியிருக்குது. ஊசி பட்டிருந்தா உசுரே போயிருக்கும்.”

“அடேயப்பா! இப்ப உள்ள வைத்தியம் பண்றதும் அந்த அம்மிணிதானா சாமி?”

“இல்லீங்க, அதுக்கு வேற டாக்டர். தொடை வழியா சன்னமான கம்பிச்சுருளை அனுப்பி வீக்கத்தை அடைக்கிறாங்க.”

கதவு திறந்தது. டாக்டர் சிரித்தபடி வந்தார்.

“நல்லபடியா அடைச்சாச்சு சபரிநாதன். மயக்க மருந்து கொடுக்காததால, படுத்தபடியே திரையைப் பார்த்து, ‘இன்னொரு சுருள் வையுங்க சார்’னு எங்களுக்கே சொல்றாங்க உங்க மதுமதி.”

பொன்னாத்தாள் திகைத்துப்போனாள். “அப்ப உள்ள படுத்திருக்கறது...?”

“அவளேதானுங்க. தன் வயித்துல தானே ஸ்கேன் வச்சுப் பார்த்தவ” என்ற சபரிநாதனுக்கு அப்போதுதான் கண் கலங்கியது.